வாசலில் இருந்த நாய் வீட்டுக்குள் வந்த கதை

மும்பையில் வாடகைக்கு வீடு தேடிப் போனால் புரோக்கர் மூன்று கேள்வி கேட்பார். வெஜ்ஜா, நான்வெஜ்ஜா? ஃபேமிலியா, பேச்சிலரா? வீட்டில் நாய், பூனை ஏதும் உண்டா? முதல் இரண்டுக்கும் நம்மவர்கள் பதிலோடுதான் போவார்கள். மாட்டிக்கொள்வது மூன்றாவதில். பிள்ளைகள் அழுது அடம்பிடித்து வாங்கிய லாப்ரடார் எங்கே படுக்கும், எங்கே ஓடும் என்று பலர் அங்கேதான் முதல்முறையாக யோசிக்கிறார்கள்.

இதை ஊரில் இருக்கும் என் பெரியப்பாவிடம் சொன்னால் சிரிப்பார். "நாய்க்கு எதுக்குடா வீடு? அது வாசல்ல கிடக்கும்" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நம் நாட்டில் நாயும் பூனையும் மனிதனோடு வாழ ஆரம்பித்து ஆயிரக்கணக்கான வருஷங்கள் ஆகின்றன. ஆனால் சாதாரணக் குடும்பங்களில் அவை வீட்டுக்குள் குடியேறியது நேற்று முந்தாநாள்தான். இந்த இடமாற்றத்தில் அவற்றுக்கு என்ன வரவு, என்ன செலவு? நான் பி.காம் ஆசாமி, சரித்திரப் பேராசிரியர் இல்லை. அதனால் கணக்குப் பார்ப்பது போலவே பார்க்கிறேன்.

பழைய கணக்கு

காஷ்மீரில் ஸ்ரீநகர் பக்கம் பூர்ஸஹோம் என்று ஓர் இடம். அங்கே நாலாயிரம் வருஷத்துக்கும் முந்தைய புதிய கற்காலக் குடியிருப்பைத் தோண்டியபோது, மனிதர்களைப் புதைத்த குழிகளில் நாய்களின் எலும்புகளும் கிடைத்தன. இன்று பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் இருக்கும் சான்ஹுதரோ, சிந்துவெளி நாகரிகத்து ஊர். 1935-36-ல் அங்கே அகழாய்வு செய்தவர் எர்னஸ்ட் மக்கே. அங்கே கிடைத்த ஒரு செங்கல்லில் பூனையின் காலடியும் நாயின் காலடியும் சேர்ந்தே பதிந்திருக்கின்றன. செங்கல் ஈரமாகக் காய்ந்துகொண்டிருந்தபோது பூனையை நாய் துரத்திக்கொண்டு ஓடியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் ஊகம். நாலாயிரம் வருஷத்தில் ரெண்டு பேரும் துளிகூடத் திருந்தவில்லை :-)

நம் ஊருக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு. கள்வரோடு நடந்த சண்டையில் இறந்துபோன வீரனோடு அவனுடைய நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். அது கள்வர் இருவரைக் கடித்தது என்று கல்வெட்டே சொல்கிறது. பெயர் சொல்லிக் கல்லில் வெட்டும் அளவுக்கு நாய்க்கு மரியாதை இருந்திருக்கிறது.

ஆனால் மரியாதை வேறு, இடம் வேறு. வாசலும் திண்ணையும் நாய்க்கு. குதிரும் பரணும் பூனைக்கு, எலி பிடிக்கும் உத்தியோகத்துக்காக. தொழுவம் மாட்டுக்கு. கூடத்துக்குள் யாரும் வரக் கூடாது. மிச்சச் சோறு கிடைக்கும், அதிகாரத்தோடு ஓர் அதட்டலும் கிடைக்கும். பதிலுக்கு அந்த நாய்க்கு ஒரு பெரிய சொத்து இருந்தது. ஊர் முழுக்க அதன் கைவசம். வெயில் ஏறினால் எந்த மரத்தடிக்குப் போவது, எந்த ஈரமண்ணைப் பறித்துப் படுப்பது, எந்த வீட்டில் மதியச் சாப்பாடு என்பதெல்லாம் அதுவே எடுக்கும் முடிவு. இதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ராஜா வீட்டுச் செல்லங்கள்

விலங்குக்கென்று தனி இடம், தனி ஆள் என்பதெல்லாம் அன்று அரண்மனைச் சமாச்சாரம். அக்பரிடம் இருபதாயிரத்துக்கும் மேல் புறாக்கள் இருந்ததாக அபுல் ஃபசல் அயினி அக்பரியில் எழுதியிருக்கிறார். ஜஹாங்கீர் ஒரு ஜோடி சாரஸ் கொக்கு வளர்த்தார். பெயர் லைலா, மஜ்னு. அவை கூடியதையும், முட்டையிட்டதையும், மாறி மாறி அடைகாத்ததையும் தன் நினைவுக் குறிப்புகளில் ஒரு விஞ்ஞானியைப் போல எழுதி வைத்திருக்கிறார் மனிதர்.

பிறகு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். பங்களா, வராந்தா, காம்பவுண்டு, கூடவே சீமை நாய். நாயைப் பார்த்துக்கொள்ளவே ஒரு வேலையாள். அவருக்கு "டூரியா" என்று பெயர் இருந்ததை 1886-ல் வந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதியில் பார்க்கலாம். வரவேற்பறையில் நாய் படுத்திருப்பது அந்தஸ்து என்ற எண்ணம் நம் மேல்தட்டு மக்களுக்கு வந்ததில் இந்த பங்களாக்களுக்குப் பெரிய பங்குண்டு.

பம்பாய், 1832

அரண்மனையை விட்டுத் தெருவுக்கு வருவோம். மும்பையில் பல வருஷம் இருக்கும் நம்மவர்களுக்கே இந்தக் கதை அவ்வளவாகத் தெரியாது.

வெயில் மாதங்களில் தெருநாய்களைக் கொல்லலாம் என்று கம்பெனி அரசு ஓர் ஒழுங்குமுறை வைத்திருந்தது. 1832-ல் அந்தக் கால அளவை நீட்டினார்கள். பார்சிகளுக்கு நாய் புனிதமானது. இறந்தவர் உடலை நாய் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு சடங்கே உண்டு, "சக்தீத்" என்பார்கள். ஜூன் 6-ம் தேதி கோட்டைப் பகுதியில் கூட்டம் கூடி, நாய் பிடிக்க வந்த போலீஸ்காரர்களைத் தாக்கியது. மறுநாள் கடையடைப்பு. இந்துக்களும் ஜைனர்களும் சேர்ந்துகொண்டார்கள். கொலாபாவில் இருந்த ராணுவத்துக்குச் சாப்பாட்டுச் சாமான் போகாமல் மறித்தார்கள். ராணுவம் வந்துதான் அடக்க வேண்டியிருந்தது.

அதோடு முடிந்திருந்தால் இது வெறும் கலவரம். 1834-ல் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் என்ற பார்சி வணிகரும் மோதிசந்த் அமிசந்த் என்ற ஜைன வணிகரும் முன்னின்று புலேஷ்வரில் பாஞ்சராபோலை நிறுவினார்கள். நாதியற்ற விலங்குகளுக்கான காப்பகம். செம்பூர்வாசிகள் தினமும் பஸ்ஸில் கடக்கும் பாஞ்சராபோல் நிறுத்தத்தின் பெயரும் இந்த வழியில் வந்ததுதான். 1861-ல் கல்கத்தாவிலும் 1874-ல் பம்பாயிலும் விலங்கு வதைத் தடுப்புச் சங்கங்கள் வந்தன. 1880-களில் பரேலில் பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை வந்தது. உடம்பு சரியில்லாத நாயை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போவது என்ற பழக்கம் நம் நகரங்களில் துளிர்விட்ட காலம் இது.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி

இவ்வளவு பாசம் இருந்தும் நாய் ஏன் வாசலைத் தாண்டவில்லை? ஆசாரம் ஒரு காரணம் என்பது உண்மை. அதைவிடப் பெரிய காரணம் பயம். வெறிநாய்க்கடி.

பாஸ்டர் 1885-ல் மனிதருக்கு முதல் தடுப்பூசி போட்டார். இந்தியாவில் 1900-ல் கசௌலியில் பாஸ்டர் நிலையம் தொடங்கியது. தெற்கே இருப்பவர்களை நாய் கடித்தால் ரயிலேறி இமயமலை அடிவாரம் போக வேண்டும். போய்ச் சேருவதற்குள் காலம் கடந்துவிடும். 1907-ல் நம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்த பிறகுதான் தென்னாட்டுக்கு மூச்சு வந்தது. 1911-ல் கசௌலியில் டேவிட் செம்பிள் என்பவர் ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த தடுப்பு மருந்துதான் அடுத்து வந்த தலைமுறைகளுக்கெல்லாம். எங்கள் வயதுக்காரர்கள் யாரும் அதை மறந்திருக்க முடியாது. தெருவில் நாயைத் தொட்டால் அம்மா சொல்லும் முதல் வார்த்தையே "தொப்புளைச் சுத்தி 14 ஊசி" என்பதுதான்.

அந்தப் பழைய மருந்தின் தயாரிப்பை இந்தியா 2004 டிசம்பரில் நிறுத்தியது. இன்று போடுவது புஜத்தில், ஊசிகளும் சில மட்டுமே. நாய்க்கும் வருஷா வருஷம் தடுப்பூசி போட்டுவிடலாம். நடுத்தர வர்க்கத்து வீட்டுக் கதவு நாய்க்குத் திறந்ததில் பாசத்துக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு இந்த ஊசிக்கும் உண்டு. ஆகவே அந்தத் தடுப்பூசி அட்டையை பாஸ்புக் மாதிரிப் பத்திரமாக வைத்திருங்கள். கடிபட்டால் சோப்பு போட்டுக் குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அறிகுறி வந்துவிட்டால் இன்றைக்கும் பிழைப்பது அரிது.

கலாக்ஷேத்ரா அம்மையார் கொண்டுவந்த சட்டம்

ருக்மிணி தேவி அருண்டேல் என்றால் நமக்கு பரதநாட்டியம். 1952-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர் விலங்குகளுக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். நேரு அரசு தானே ஒரு சட்டம் கொண்டுவருவதாக ஏற்றுக்கொண்டது. அப்படி வந்ததுதான் 1960-ம் வருஷத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். 2018-ல் ஹரியானாவுக்கு மாறும் வரை அந்த மத்திய வாரியத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருந்தது.

இந்தச் சட்டத்தின் 11-வது பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள். அடிப்பது, உதைப்பது மட்டும் குற்றமில்லை. அசையக்கூட இடமில்லாத கூண்டில் அடைப்பது குற்றம். ரொம்பக் குட்டையான, ரொம்பக் கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிப்போடுவது குற்றம். எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்க, ஓட விடாமல் இருப்பது குற்றம். போதுமான தீனி, தண்ணீர், ஒதுங்க இடம் தராமல் இருப்பது குற்றம். அம்போ என்று விட்டுவிட்டுப் போவதும் குற்றம். ஒரு வீடு விலங்குக்கு எப்படி இருக்க வேண்டும் என்பதை 1960-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். அபராதம்தான் சிரிப்பு வரும். முதல் தடவைக்குப் பத்து முதல் ஐம்பது ரூபாய். அறுபது வருஷம் தாண்டியும் அது ஏறவில்லை. வேறெந்த விலைவாசியாவது இப்படி இருந்திருக்கிறதா?

இன்னொரு சட்டமும் நம் வீடுகளைத் தொடுகிறது. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். நம் பச்சைக்கிளி அதன்கீழ் வருகிறது, நட்சத்திர ஆமையும் வருகிறது. பாட்டி வீட்டுக் கூண்டில் கிளி இருந்ததே என்றால், இருந்தது. இன்று வைத்தால் குற்றம். அதற்குப் பாதுகாப்பான, சௌகரியமான வீடு மரப்பொந்துதான்.

மூன்றாவது மாடியில் ஒரு பக்

2003-ல் ஹட்ச் கைபேசி விளம்பரம் வந்தது. ஒரு சின்னப் பையன், பின்னாலேயே போகும் ஒரு பக் நாய். ஊரே பக் கேட்டது. சப்பை மூக்கு நாய்க்கு மூச்சு விடுவதே சிரமம். நாய்க்கு உடம்பில் நம்மைப்போல வியர்த்துக் குளிர்வதும் இல்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். அந்த மூச்சே தடைப்பட்டால் மே மாதத்து நாக்பூரிலும் டெல்லியிலும் அதன் பாடு என்ன? பக்காவது பரவாயில்லை, சைபீரியப் பனிக்கென்று பிறந்த ஹஸ்கியையும் இங்கே வாங்குகிறார்கள். இந்த வெயிலில் வளர்ந்த ராஜபாளையம், முதோல் நாய்களுக்கு 2005-ல் தபால் தலைதான் கிடைத்தது. ஆனால் அவையும் ஓடுவதற்கென்றே பிறந்தவை. ஒன்றரை பெட்ரூம் பிளாட்டில் அவற்றைப் பூட்டி வைப்பதும் நியாயமில்லை.

அதே வேகத்தில் சொசைட்டி சண்டைகளும் வந்தன. லிஃப்டில் ஏறக் கூடாது, பார்க்கில் வரக் கூடாது, நாயே கூடாது. 2015-ல் விலங்குகள் நல வாரியம் வழிகாட்டுதல் வெளியிட்டது. பெரும்பான்மை ஓட்டில் தீர்மானம் போட்டாலும் வளர்ப்புப் பிராணிகளுக்குத் தடை விதிக்க முடியாது, லிஃப்டையும் மறுக்க முடியாது என்றது. வளர்ப்பவர்கள் தடுப்பூசி போட வேண்டும், பொது இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் நம்மவர்கள் படிப்பதில்லை. 2021-ல் கேரள உயர் நீதிமன்றமும் இப்படிப்பட்ட தடை விதிகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

கணக்கு முடிக்கும் நேரம்

வரவுப் பத்தியில் ஊசி, ஆஸ்பத்திரி, சட்டம், மூன்று வேளைச் சாப்பாடு, மின்விசிறி. செலவுப் பத்தியில் ஒரே ஒரு வரி, ஊர். வாசல் நாய் தானே தேடிக்கொண்ட நிழல், ஈரமண், ஓட்டம், துணை எல்லாவற்றையும் நாம் கதவைச் சாத்தி எடுத்துக்கொண்டுவிட்டோம். அதைத் திருப்பித் தருவதுதான் வீட்டைத் தயார் செய்வது. கடையில் விற்கும் மெத்தையும் பொம்மையும் அதற்கப்புறம்தான்.

குளிர்ந்த தரை, எந்நேரமும் தண்ணீர், காலையும் மாலையும் நடை. வெயிலில் தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். நமக்குச் சுட்டால் அதற்கும் சுடும். பூனை இருந்தால் பால்கனிக்கு வலை, ஜன்னலுக்குக் கம்பி வலை. வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு விஷம். பூனைக்கு பாரசிட்டமால் ஒரு மாத்திரையே உயிரை எடுக்கும். தீபாவளியன்று ஜன்னலைச் சாத்தி, உள்ளறையில் கூடவே யாராவது உட்கார்ந்திருங்கள். வாசல் நாயானால் வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஊர்க்கோடிக்கு ஓடியிருக்கும். இது எங்கே ஓடும்?

கடைசியாக, நம்மைப்போல மாற்றலில் ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு. ஆர்டர் வந்ததும் பள்ளிக்கூட டி.சி., கேஸ் கனெக்ஷன் எல்லாம் ஞாபகம் வரும். நாயை மட்டும் வாட்ச்மேனிடம் விட்டுவிட்டுப் போகும் குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன். வீட்டுக்குள் வளர்ந்த நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. அந்த வித்தையை மறக்கடித்தது நாம்தான். ரயிலில் ஏசி முதல் வகுப்பில் கூப்பே முழுவதும் நமக்கே கிடைத்தால் கூடவே கூட்டிப் போகலாம். இல்லாவிட்டால் கார்டு வண்டியில் நாய்ப்பெட்டி இருக்கிறது. செலவும் அலைச்சலும் உண்டுதான்.

இதற்கெல்லாம் தயாரில்லை என்றால் அதிலும் தப்பில்லை. பெரியப்பா வழி இருக்கவே இருக்கிறது. வாசலில் ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு கைப்பிடி சோறு. வளர்க்கத்தான் போகிறோம் என்றால், குட்டியை வாங்குவதற்கு முன்னால் குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த மாற்றலுக்கு எத்தனை டிக்கெட்?