கார் இன்ஜின் ஆயில்: மாற்றும் இடைவெளி

காரின் இன்ஜின் ஆயிலை எத்தனை கிலோமீட்டருக்கு அல்லது எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வடித்துவிட்டுப் புதிது ஊற்றுவது என்ற கணக்கே ஆயில் மாற்றும் இடைவெளி. இந்தியாவில் இப்போது விற்கும் பெட்ரோல் கார்களில் பலவற்றுக்கு நிறுவனங்கள் சொல்வது 10,000 கி.மீ. அல்லது 1 வருடம். இரண்டில் எது முந்துகிறதோ அது. ஒர்க்‌ஷாப்களில் இன்றும் 5,000 கி.மீ. என்ற பேச்சு நிற்கவில்லை. இரண்டு எண்ணுக்கும் நியாயம் உண்டு. ஒரு காருக்கு எது பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பதில் காரின் மாடலைக் காட்டிலும் அது ஓடும் விதத்துக்கே பங்கு அதிகம்.

ஆயில் கெடும் விதம்

ஆயில் டின்னில் இருப்பதில் முக்கால் பங்குக்கு மேல் அடிப்படை எண்ணெய். மீதி எல்லாம் வேதிச் சேர்மானங்கள். கால்சியம், மெக்னீசியம் சார்ந்த சேர்மானங்கள் எரிபொருள் எரியும்போது உண்டாகும் அமிலத்தை முறித்து, உலோகப் பரப்பில் கசடு ஒட்டாமல் பார்த்துக்கொள்கின்றன. வேறு சில, கரித்துகள்கள் ஒன்றுகூடிக் கட்டியாகாதபடி அவற்றை ஆயிலிலேயே மிதக்க வைக்கின்றன. துத்தநாகமும் பாஸ்பரஸும் கொண்ட சேர்மம் ஒன்று, கேம் போன்ற உரசும் பகுதிகளில் மெல்லிய காப்புப் படலமாகப் படிகிறது. இவை வேலை செய்யச் செய்யச் செலவாகின்றன. ஆயில் ‘தீர்ந்துவிட்டது’ என்று மெக்கானிக் சொன்னால் பெரும்பாலும் தீர்ந்திருப்பது இந்தச் சேர்மானங்கள்தான். அமிலத்தை முறிக்கும் திறனில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை டிபிஎன் என்ற எண்ணால் ஆய்வகங்களில் அளக்கிறார்கள்.

அடிப்படை எண்ணெய்க்குப் பகை வெப்பம். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் ஆக்சிஜனேற்றத்தின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஆக்சிஜனேறிய ஆயில் தடித்து, அரக்குப் போன்ற படிவையும் கசடையும் உண்டாக்குகிறது. கசடு முற்றிவிட்டால், இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பில் இருக்கும் உறிஞ்சு வலையை அடைத்துவிடும். டிப் ஸ்டிக்கில் அளவு சரியாகக் காட்டினாலும் மேலே கேம் ஷாஃப்டுக்கு ஆயில் போய்ச் சேராது.

இதைவிடப் பலருக்குத் தெரியாத பகை தண்ணீர். 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே சம்ப்புக்குள் இறங்கும். இன்ஜின் நன்றாகச் சூடேறியிருந்தால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறும். சூடேறாவிட்டால் ஆயிலோடு கலந்து தங்கும். மீட்டரில் கூலன்ட் முள் நடுவுக்கு வந்துவிட்டதாலேயே ஆயிலும் சூடாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. கூலன்டுக்குச் சில நிமிடம் போதும் என்றால், ஆயிலுக்கு அதைப்போல் இரண்டு மூன்று பங்கு நேரம் பிடிக்கும். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் 3 கி.மீ. பயணத்தில் ஆயில் ஒருநாளும் தன் வெப்பநிலையை எட்டுவதில்லை. ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ப் பகுதிகளில் இப்படியே ஓடும் காரில் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பார்த்தால், அதன் உட்புறத்தில் வெளிர்மஞ்சள் நிறப் பசை படிந்திருப்பதைக் காணலாம். அது ஆயிலும் தண்ணீரும் கலந்த குழம்பு. மூடியில் மட்டும் இருந்தால் நீண்ட தூரம் ஒருமுறை ஓட்டினாலே பெரும்பாலும் மறைந்துவிடும். டிப் ஸ்டிக்கிலும் அதே நிறம் தெரிந்து, கூலன்ட் அளவும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட் பழுதாகியிருக்கலாம். ஆயிலை மாற்றுவதால் அது தீராது, வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

கிலோமீட்டரும் மணி நேரமும்

ஓடோமீட்டர் சக்கரம் சுற்றியதை எண்ணுகிறது. ஆயிலோ இன்ஜின் சுற்றியதால் கெடுகிறது. திருச்சி நெடுஞ்சாலையில் சராசரியாக 60 கி.மீ. வேகத்தில் போகும் கார் 10,000 கி.மீ. ஓட சுமார் 167 மணி நேரம் ஆகும். சென்னை நகர நெரிசலில் சராசரி 20 கி.மீ. வேகத்தில் ஊரும் கார் அதே 10,000 கி.மீ. ஓட 500 மணி நேரம் எடுக்கும். கிலோமீட்டர் ஒன்றுதான், இன்ஜின் உழைத்த நேரம் மூன்று மடங்கு. சிக்னலில் ஏ.சி. ஓட நிற்கும் நேரமெல்லாம் ஓடோமீட்டரில் பதிவாகாத உழைப்பு. மணிக்கணக்கில் ஓடும் கம்ப்ரசர்களுக்கும் ஜெனரேட்டர்களுக்கும் ஆயில் மாற்றுவதை மணி நேரத்தில் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

காரின் கையேட்டைக் கடைசிவரை புரட்டினால் இதற்கான விடை அதிலேயே இருக்கிறது. பராமரிப்பு அட்டவணைகள் இரண்டு இருக்கும்: சாதாரணப் பயன்பாட்டுக்கு ஒன்று, கடினப் பயன்பாட்டுக்கு ஒன்று. 10,000 என்பது முதல் அட்டவணையின் எண். இரண்டாவது அட்டவணையில் ஆயில் இடைவெளி பெரும்பாலும் அதில் பாதி. எதெல்லாம் கடினப் பயன்பாடு என்ற பட்டியலும் கூடவே இருக்கும். ஹூண்டாய் கையேடுகளில் வரும் பட்டியலில் 8 கி.மீ.க்குக் குறைவான தூரத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது, நெடுநேரம் ஐட்லிங்கில் விடுவது, புழுதிச் சாலை, மலைப்பாதை, 32 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் நெரிசலான போக்குவரத்தில் ஓட்டுவது ஆகியவை இருக்கின்றன. இதைப் படிக்கும் சென்னை, மதுரை வாசகருக்கு ஒன்று உறைக்க வேண்டும். ‘கடினம்’ என்று அவர்கள் எழுதியிருப்பது நம் ஊர்க் கார்களின் அன்றாட வாழ்க்கை. ஏப்ரல் முதல் ஜூன் வரை 32 டிகிரி என்பது காலை பத்து மணிக்கே கடந்துவிடும் எண்.

ஆகவே நகருக்குள்ளேயே ஓடும் காருக்கு 5,000 முதல் 7,000 கி.மீ.க்குள் அல்லது 6 மாதத்தில் மாற்றச் சொல்லும் மெக்கானிக்கைக் காசு பிடுங்குபவர் என்று நினைப்பது தவறு. அவர் இரண்டாவது அட்டவணையைத்தான் சொல்கிறார். வாரந்தோறும் கோவைக்கும் சென்னைக்கும் நான்குவழிச் சாலையில் போய்வரும் காருக்கு அதே அறிவுரை வீண் செலவு. அந்தக் கார் 10,000 வரை தாராளமாகப் போகலாம்.

கி.மீ. கணக்கோடு ‘அல்லது 1 வருடம்’ என்று சேர்த்திருப்பதைப் பலர் கண்டுகொள்வதில்லை. வருடத்துக்கு 3,000 கி.மீ.கூட ஓடாத கார்களின் உரிமையாளர்கள் ஓடோமீட்டரைக் காட்டி மூன்று வருடம் தள்ளிப்போடுகிறார்கள். வருடத்தில் குறைவாக ஓடும் கார் பெரும்பாலும் ஒவ்வொரு பயணத்திலும் குறைந்த தூரமே ஓடும் கார். ஈரமும் எரியாத பெட்ரோலும் அமிலமும் அதன் சம்ப்பில் தேங்கியே கிடக்கும். நின்ற காருக்கும் வருடம் ஒருமுறை மாற்றத்தான் வேண்டும்.

இன்ஜினும் எரிபொருளும்

டர்போ பெட்ரோல் இன்ஜின்கள் ஆயிலை அதிகம் சோதிப்பவை. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு லட்சம் தடவைக்கு மேல் சுற்றும். அதன் பேரிங்கைக் காப்பதும் குளிர்விப்பதும் இதே ஆயில். நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் தெளிக்கும் வகையாக இருந்தால் பெட்ரோல் கொஞ்சம் ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்யும். இவ்வகை இன்ஜின்களில் குறைந்த வேகத்தில் கலவை முன்கூட்டியே வெடித்துப் பிஸ்டனைச் சிதைக்கும் கோளாறும் உண்டு. 2020 மே மாதம் அறிமுகமான ஏபிஐ எஸ்பி என்ற ஆயில் தரம் அந்தக் கோளாறையும் டைமிங் செயின் தேய்மானத்தையும் மனதில் வைத்தது. டர்போ காருக்கு மலிவான பழைய தர ஆயிலை ஊற்றி மிச்சம் பிடிக்கக் கூடாது.

பிஎஸ்-6 மாசு விதிக்கு உட்பட்ட டீசல் கார்களில் புகைவடிகட்டி இருக்கும். அதில் சேர்ந்த கரியை எரிக்க இன்ஜின் அவ்வப்போது கூடுதல் டீசலைத் தெளிக்கும்; அதில் ஒரு பங்கு சம்ப்புக்கு இறங்கிவிடும். குறைந்த தூரம் ஓடி, கரி எரிந்து முடிவதற்குள் அணைக்கப்படும் வண்டிகளில் டிப் ஸ்டிக் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போகும். மேல்கோட்டைத் தாண்டினால் கிலோமீட்டர் எதுவானாலும் ஆயிலை மாற்ற வேண்டும். இவ்வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த வகை ஆயில் அவசியம். மற்றது வடிகட்டியை அடைத்துவிடும்.

சிஎன்ஜி வண்டிகளில் ஏமாற்றம் வேறு மாதிரி. வாயு எரிவதில் கரி மிகக் குறைவு என்பதால் ஆயில் பல ஆயிரம் கி.மீ. ஓடியும் பொன்னிறமாகவே தெரியும். ஆனால் அதிக வெப்பத்தில் நைட்ரஜன் ஆக்சைடுகள் தாக்கி அது உள்ளுக்குள் கெட்டிருக்கும்.

ஒரு விஷயத்தில் காலம் ஆயிலுக்குச் சாதகமாகத் திரும்பியிருக்கிறது. எரிபொருளில் கந்தகத்தின் அளவு பிஎஸ்-4 காலத்தில் 10 லட்சத்தில் 50 பங்காக இருந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் 10 பங்காகக் குறைந்தது. கந்தகம் குறைந்தால் அமிலமும் குறையும். அப்பா காலத்து அம்பாசிடருக்கு இருந்த கணக்கை அப்படியே இன்றைய காருக்கு நீட்ட முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

நிறமும் சோதனையும்

ஆயில் கறுத்துவிட்டது, மாற்றுங்கள் என்பது அதிகம் கேட்கும் தீர்ப்பு. அதிகம் தவறும் தீர்ப்பும்கூட. கரித்துகளை மிதக்கவைப்பது நல்ல ஆயிலின் வேலை. டீசல் காரில் புது ஆயில் சில நூறு கி.மீ.யிலேயே கறுத்துவிடும். விரலிடுக்கில் தேய்த்துப் பார்ப்பதிலும் டிபிஎன் தெரியாது, பெட்ரோல் கலந்த சதவீதமும் தெரியாது.

வீட்டிலேயே செய்யக்கூடியதில் ஓரளவு பயனுள்ள சோதனை ஒன்று உண்டு. சூடான இன்ஜினை அணைத்து, டிப் ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டை மையொற்றும் தாளிலோ காபி வடிகட்டும் தாளிலோ விட்டு ஒரு நாள் சமதளத்தில் வைக்க வேண்டும். கறுப்பு நடுவிலிருந்து ஓரம்வரை படிப்படியாக வெளிறிப் பரவினால் கரியை மிதக்கவைக்கும் சேர்மானம் இன்னும் வேலை செய்கிறது. நடுவில் அழுத்தமான கரும்புள்ளியாகத் திரண்டு, சுற்றிலும் வெறும் எண்ணெய் வளையம் மட்டும் நின்றால் அந்தச் சேர்மானம் தீர்ந்துவிட்டது. இது ஒரு குணத்தை மட்டுமே காட்டும்.

முறையான ஆய்வு என்றால் ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். ஆயிலில் உள்ள இரும்பு, செம்பு, ஈயம், அலுமினியம் ஆகியவற்றை நிறமாலை முறையில் அளந்து எந்தப் பகுதி தேய்கிறது என்று சொல்லிவிடுவார்கள். சிலிக்கன் ஏறியிருந்தால் ஏர் ஃபில்டரைத் தாண்டிப் புழுதி நுழைகிறது என்று பொருள். அமெரிக்காவின் டென்வர் அண்ட் ரியோ கிராண்டே வெஸ்டர்ன் ரயில்வே 1946-லேயே டீசல் இன்ஜின்களுக்கு இதைத் தொடங்கியது. ஒற்றைக் காருக்கு இது கட்டுப்படியாகாது. வாடகைக் கார்களை வரிசையாக வைத்திருப்பவருக்கு லாபம் தரும்.

3,000 மைல் வழக்கும் கணினிக் கணக்கும்

தொடக்ககாலக் கார்களில் ஆயில் ஃபில்டரே கிடையாது. 1923-ல் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட் ‘பியூரோலேட்டர்’ என்ற வடிகட்டியைக் கொண்டுவந்தபின் இடைவெளி நீளத் தொடங்கியது. பிற்பாடு சேர்மானங்கள், பலதர ஆயில், 1974-ல் மொபில் 1 போன்ற சிந்தெடிக் ஆயில்கள் என்று ஒவ்வொன்றும் அதை இன்னும் நீட்டின. ஆனால் அமெரிக்காவில் 3,000 மைல், அதாவது சுமார் 4,800 கி.மீ. என்ற பழக்கம் மட்டும் பல பத்தாண்டுகள் அசையவில்லை. விரைவு ஆயில் மாற்றுக் கடைகளுக்கு அது தோதாக இருந்தது. கலிஃபோர்னியா மாநில அரசே அந்த எண்ணை விட்டுக் கையேட்டைப் பார்க்கச் சொல்லிப் பிரசாரம் செய்ய வேண்டியிருந்தது.

ஜெனரல் மோட்டார்ஸ் 1980-களின் இறுதியில் ‘ஆயில் ஆயுள்’ காட்டும் முறையைக் கார்களில் வைத்தது. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் வேதியியலாளர் ஷெர்லி ஸ்வார்ட்ஸ். அந்த முறை ஆயிலைத் தொட்டுச் சோதிப்பதில்லை. இன்ஜின் சுற்றுகளையும் ஆயில் வெப்பநிலையையும் எண்ணி, மிச்ச ஆயுளைச் சதவீதமாகச் சொல்கிறது. ஓடும் விதத்தைக் கணக்கில் எடுப்பதால் தட்டையான கி.மீ. எண்ணைவிட இது நியாயமானது. உங்கள் கார் திரையில் இருந்தால் நம்பலாம், குறித்த தர ஆயிலையே ஊற்றியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

மாற்றும்போது

இடைவெளியைவிடப் பெரிய விஷயம் அளவு. ஆயில் குறைந்து இன்ஜின் இறுகிப்போன கார்கள் உண்டு. இடைவெளி ஆயிரம் கி.மீ. தள்ளிப்போனதால் மட்டும் இன்ஜின் போன கதை அரிது. மாதம் ஒருமுறையும் நீண்ட பயணத்துக்கு முன்பும் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கைத் துடைத்துப் பார்க்க வேண்டும். மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையே பல கார்களில் சுமார் 1 லிட்டர். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல். கிராங்க் ஷாஃப்ட் அடித்து நுரை கிளப்பும்.

பாகுநிலை கையேட்டில் உள்ளபடியே இருக்கட்டும். புதிய சிறு பெட்ரோல் கார்களுக்கு 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 என்று மெல்லிய ஆயில் குறித்திருப்பதைப் பார்த்து, நம் வெயிலுக்குத் தாங்காது, 20டபிள்யூ-40 ஊற்றுங்கள் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த இன்ஜின்களின் பேரிங் இடைவெளியும் ஆயில் பம்பும் மெல்லிய ஆயிலுக்காக அமைந்தவை. தடித்த ஆயில் ஸ்டார்ட் செய்த முதல் நொடிகளில் மேலே ஏறத் தாமதிக்கும். சிந்தெடிக் ஊற்றியதாலேயே கையேட்டின் இடைவெளியை இரட்டிக்கவும் முடியாது. அந்த 10,000 என்பதே பல கார்களில் சிந்தெடிக் ஆயிலை வைத்துப் போட்ட கணக்கு.

ஒவ்வொரு முறையும் ஃபில்டரையும் டிரெயின் போல்ட் வாஷரையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய ஃபில்டர் அடைத்தால் பைபாஸ் வால்வு திறந்து வடிகட்டாத ஆயில் நேராக உள்ளே போகும். வாரன்டி காலத்தில் வெளியில் மாற்றினால் தேதியும் ஓடோமீட்டர் எண்ணும் ஆயில் தரமும் எழுதிய பில்லை வாங்கி வைப்பது அவசியம்.

வடித்த ஆயிலில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பலவளைய ஹைட்ரோகார்பன்களும் உலோகத் துகள்களும் இருக்கும். கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சாக்கடையில் விடுவதும், கரையான் வராமலிருக்க மரத்தில் பூசுவதும் நிலத்தடி நீரில் போய் முடியும். இந்தியாவில் 2016-ம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி இது அபாயகரக் கழிவு. பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடமே சேர வேண்டும். வீட்டில் மாற்றுபவர் 3 லிட்டர் கழிவையும் அதே டின்னில் ஊற்றி, பழைய ஆயிலைச் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம். அதைச் சுத்திகரித்தால் மறுபடி அடிப்படை எண்ணெய் கிடைக்கிறது.