மறுமலர்ச்சிக்கால ஆடலும் வாள்வீச்சும் ஆடையும்: ஏட்டிலிருந்து மீட்கப்படும் கலைகள்

ஐரோப்பாவில் 15, 16ஆம் நூற்றாண்டுகளில் வழங்கிய நடனம், வாள்வீச்சு, ஆடைத் தையல் ஆகியவற்றை இன்று பல நாடுகளில் பொழுதுபோக்குக் குழுக்கள் பயின்று வருகின்றன. இவற்றில் சேர்வோர் பெரும்பாலும் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையிலும் வார இறுதியிலும் கூடுபவர்கள். இக்கலைகளை ஆசிரியர் மாணவருக்கு நேரில் கற்பித்து வந்த தொடர்ச்சி நெடுங்காலத்துக்கு முன்பே அறுந்துவிட்டது. எனவே இன்று பயில்வோருக்கு நூலே ஆசான். உடலால் கற்க வேண்டிய ஒன்றை ஏட்டிலிருந்து எவ்வளவு தூரம் மீட்க முடியும் என்பதே இம்முயற்சியின் மையக் கேள்வி.

நடன நூல்கள்

15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் தொமேனிகோ தா பியாசென்சாவும் அவர் வழிவந்தோரும் நடனக் குறிப்புகளை எழுதி வைத்தனர். அவை ஏற்கெனவே ஆடத் தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டவை. "இரட்டை அடி" என்று எழுதினால் அக்காலத்தவருக்குப் போதும். காலை எங்கே வைப்பது, எப்போது உடலை உயர்த்துவது என்பதை இன்று படிப்பவர் ஊகித்தே அறிய வேண்டும்.

இக்குறையைப் பெருமளவு தீர்த்தது 1589இல் பிரான்சின் லாங்கர் நகரில் வெளியான 'ஒர்கெசோகிராபி' என்னும் நூல். இதை எழுதிய துவானோ அர்போ உண்மையில் ழான் தபூரோ என்னும் தேவாலயக் குரு ஆவார். தம் பெயரின் எழுத்துகளை இடம் மாற்றி அமைத்துக்கொண்ட புனைபெயர் அது. நூல் வெளியானபோது அவருக்கு ஏறத்தாழ 70 வயது. ஆசிரியருக்கும், வாள்வீச்சும் பந்தாட்டமும் கற்று நடனம் மட்டும் கற்காத காப்ரியோல் என்ற இளைஞனுக்கும் நடக்கும் உரையாடலாக நூல் அமைந்துள்ளது. இசைக் குறிப்பை மேலிருந்து கீழாக அச்சிட்டு, ஒவ்வொரு சுரத்துக்கும் நேராக அதற்குரிய அடியை எழுதியது அர்போவின் சிறப்பு. இரட்டை அடி என்றால் இடக்காலை விரித்து வை, வலக்காலை அருகே கொண்டுவா, மீண்டும் இடக்காலை விரி, பாதங்களைச் சேர் என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறார். புதிதாக வருபவரும் ஒரு மாலைப் பொழுதில் எளிய வட்ட நடனம் ஒன்றைக் கற்றுக்கொள்ள முடிவது இதனால்தான்.

'பாஸ் தான்ஸ்' என்ற நடனம் வழக்கொழிந்து 40, 50 ஆண்டுகள் ஆகிவிட்டதாக அர்போவே குறிப்பிடுகிறார். தம் காலத்திலேயே மறைந்துகொண்டிருந்ததை ஒரு முதியவர் எழுதி வைத்ததால்தான் இன்று அதை ஆடிப் பார்க்க முடிகிறது.

வாள்வீச்சு நூல்கள்

வாள்வீச்சில் அக்கீலே மரோட்சோவின் நூல் 1536இலும், கமிலோ அக்ரிப்பாவின் நூல் 1553இலும் வெளிவந்தன. அக்ரிப்பா பொறியியல் அறிந்தவர். வடிவியல் முறையில் சிந்தித்து, வாள் பிடிக்கும் நிலைகளை முதன்மையாக நான்காகச் சுருக்கினார். வாளை உறையிலிருந்து உருவியதும் கை நிற்கும் நிலையே முதல் நிலை. சால்வதோர் ஃபாப்ரிஸின் நூல் 1606இலும் ரிதோல்ஃபோ காபோ ஃபெர்ரோவின் நூல் 1610இலும் வந்தன.

இந்நூல்களில் உள்ள படங்கள் ஒரு கணத்தை மட்டுமே காட்டுகின்றன. அந்த நிலைக்கு எப்படி வந்தார்கள் என்பதை வாசகமும் பயிற்சியும் சேர்ந்துதான் விளக்க வேண்டும். 1885இல் எகெர்டன் காசில் இலண்டனில் வெளியிட்ட வரலாற்று நூல் இவற்றின்பால் கவனத்தைத் திருப்பியது. ஆனால் அவர் பழைய முறைகளைத் தம் கால வாள்வீச்சுக்கு ஏறிவந்த படிகளாகவே கண்டார். பின்வந்தோர் அவற்றைத் தம்மளவில் நிறைவான முறைகளாக எண்ணிப் படிக்கத் தொடங்கினர்.

ஆடைத் தையல்

1580இல் மாத்ரித்தில் ஹுவான் தே அல்செகா என்ற தையற்காரர் வெளியிட்ட நூல், துணியை வீணாக்காமல் எந்தத் துண்டை எங்கே வெட்டுவது என்பதைப் படங்களால் காட்டுகிறது. ஆனால் எப்படித் தைப்பது என்பதை அது விளக்கவில்லை. அது பட்டறையில் கற்க வேண்டியதாக இருந்தது.

அந்த இடைவெளியை நிரப்பியவர் ஜேனட் ஆர்னால்ட். அருங்காட்சியகங்களில் எஞ்சியிருக்கும் உடைகளைத் தையல் தையலாக ஆராய்ந்து, 1560 முதல் 1620 வரையிலான ஆடைகளின் வெட்டுப் படங்களை 1985இல் நூலாக்கினார். 1562இல் இறந்த எலியோனோரா தி தொலேதோவை அடக்கம் செய்த உடையும் அவற்றுள் ஒன்று. கல்லறையிலிருந்து கிடைத்த உடை இன்று தையல் பயில்வோருக்குப் பாடமாக இருக்கிறது.

மூன்றும் ஒன்றையொன்று விளக்குதல்

இம்மூன்றையும் ஒரே குழுவில் பயில்வதற்குக் காரணம் உண்டு. 1600இல் வெளியான ஃபாப்ரித்சியோ கரோசோவின் நடன நூல், மேலங்கியும் வாளும் அணிந்தபடி ஆண் எப்படி ஆடுவது, உயர்ந்த அடியுள்ள மிதியடியோடு பெண் எப்படி நடப்பது என்றெல்லாம் கூறுகிறது. 'வோல்டா' நடனத்தில் ஆண் பெண்ணைத் தூக்கிச் சுழற்றுவான். அவளுடைய உடுப்பின் முன்பக்கத்தில் செருகிய விறைப்பான பட்டையின் அடியில் கை கொடுத்துத் தூக்கும்படி அர்போ சொல்கிறார். இன்றைய உடையில் அந்தப் பட்டை இல்லை. ஆகவே அந்தப் பிடியும் புரிவதில்லை. உடையைத் தைத்து அணிந்தவருக்குத்தான் அந்த வரியின் பொருள் விளங்குகிறது.

பயிலும் குழுக்கள்

மேபெல் டால்மெட்ச் 1949இலும் 1954இலும் வெளியிட்ட நூல்கள் பழைய நடனங்களை மீண்டும் ஆட வழிகாட்டின. 1966 மே 1 அன்று கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் எழுத்தாளர் டயானா பாக்ஸனின் வீட்டுத் தோட்டத்தில் நண்பர்கள் கூடிப் பழங்கால வீரர் போட்டி போல ஒரு விழா நடத்தினர். அதிலிருந்து 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம்' என்ற அமைப்பு வளர்ந்தது. 17ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்ட காலமே இதன் களம். உறுப்பினர்கள் அக்காலத்துக்கு ஏற்ற பெயரும் உடையும் பூணுகின்றனர்.

மீட்பின் எல்லைகள்

ஒரே பக்கத்தைப் படித்த இரு குழுக்கள் இருவிதமாக ஆடுவதுண்டு. இதைக் குறை என்று தள்ள இயலாது. ஒவ்வொரு விளக்கத்தையும் இசையோடும் உடையோடும் பொருத்திப் பார்த்து, பொருந்தாததைக் கைவிடுவதே இங்கு ஆராய்ச்சி முறை. மீட்க முடியாதவையும் உள்ளன. முனை மழுங்கிய வாளும் முகக்கவசமும் இன்று இன்றியமையாதவை. ஆனால் உயிரச்சத்தோடு நின்ற ஒருவன் எவ்வளவு விலகி நின்றிருப்பான் என்பதைப் பாதுகாப்பாக நிற்பவர் முழுதும் உணர முடியாது. சிறு வயது முதல் அதே உடையில் வளர்ந்தவரின் நடையும் சில மாதப் பயிற்சியில் வருவதில்லை.

ஆயினும் பயில்வோரின் உழைப்பு வீண் போகவில்லை. நூலில் மட்டும் இருந்த அடியை இன்று ஒருவர் காலால் வைத்துக் காட்டி இன்னொருவருக்குக் கற்பிக்கிறார். அறுந்த இடத்தில் பழைய தொடர்ச்சி அப்படியே திரும்பிவிடவில்லை என்றாலும், புதிய தொடர்ச்சி ஒன்று தொடங்கியுள்ளது.