பங்கும் குடியும்: மானூர்ச் சபையும் தாழையூத்துத் தொழிலூரும்

தோற்றுவாய்

ஊர் தோன்றிய காரணத்தைத் தம்முள் அடக்கி நிற்கும் ஊர்ப்பெயர்கள் பல. தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவில் வட்டத்திலுள்ள பனவடலிசத்திரம் என்னும் பெயர் அவ்வகையிற் குறிக்கத்தக்கது. வடலி என்பது இளம்பனை. பனை என்னும் சொல்லின் ஈற்று ஐகாரம் பனங்காய், பனாட்டு முதலியவற்றிற் கெடுதல் போல ஈண்டும் கெட்டது எனலாம். சத்திரம் என்பது வழிப்போக்கர் தங்கும் இடம். ஆகவே, மரமும் வழியும் கூடி ஊராயின என்பது இப்பெயரால் போதரும். ஊர் உண்டாதற்கு வயலும் குளமுமே காரணம் என்பதில்லை. வழியும் தொழிலும் வாணிகமும்கூட மக்களை ஓரிடத்துச் சேர்க்கும்.

இங்ஙனம் பல காரணங்களாற் கூடி வாழ்வோருள் ஊரை ஆளும் உரிமை உடையார் யாவர்? சங்கரன்கோவிலிலிருந்து பனவடலிசத்திரம் வழியாகத் திருநெல்வேலி செல்லும் சாலையிலே மானூர் என்னும் ஊர் உளது. அவ்வூர்க் கல்வெட்டு இவ்வினாவிற்குப் பழையதொரு விடை தருகின்றது. திருநெல்வேலிக்கு வடக்கே, மதுரை நெடுஞ்சாலையில் அமைந்த தாழையூத்து என்னும் தொழிலூரின் வரலாறு புதியதொரு விடை தருகின்றது. இவ்விரண்டையும் ஒப்புநோக்குதலே இக்கட்டுரையின் பொருளாகும்.

மானூர்க் கல்வெட்டு

மானூர் அம்பலவாண சுவாமி கோயிலில் உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு, பாண்டியன் மாறஞ்சடையனது 35-ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பெற்றது. அதன் காலம் ஏறத்தாழக் கி.பி. 800 என்பர் ஆராய்ச்சியாளர். குடவோலை முறையை விரித்துரைக்கும் உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் முதற் பராந்தகன் காலத்தன. 919, 921-ஆம் ஆண்டுகளுக்கு உரியன. அவற்றினும் நூறாண்டிற்கு மேல் முற்பட்டது மானூர்ச் சாசனம் என்பது நினைவிற் கொள்ளற்பாலது.

அந்நாளில் மானநிலைநல்லூர் என வழங்கிய இவ்வூர், களக்குடி நாட்டுப் பிரமதேயம் ஆகும். அதன் மகாசபையார் கூடிச் செய்த முடிபுகள் சாசனத்திற் கூறப்படுகின்றன. ஊரிற் பங்குடையாருடைய மக்களுள், நல்லொழுக்கமும் மந்திரப் பிராமணமும் ஒரு தருமமும் கற்ற கல்வியும் உடைய ஒருவரே அப்பங்கிற்கு உரியராய்ச் சபையில் அமரலாம். விலைக்குக் கொண்ட பங்கு, கொடையாகப் பெற்ற பங்கு, சீதனமாக வந்த பங்கு ஆகியவற்றிற்கும் இத்தகைய தகுதி வேண்டப்பட்டது. சிராவணை எனப்படும் உரிமை முழுமையாதல் வேண்டும். கால், அரை, முக்கால் ஆகியவை ஏற்கப்படா. முழுமை பெறாதார் வாரியத்தில் இடம்பெறார். சபையில் எடுத்துரைத்த ஒவ்வொன்றையும் ‘அன்று’ என மறுத்து இடையூறு செய்வோரும், அவர்க்குத் துணைநிற்போரும் தனித்தனியே 5 காசு தண்டம் இறுத்தல் வேண்டும்.

இச்சாசனத்தால் இரண்டு செய்திகள் பெறப்படும். கல்வியும் ஒழுக்கமும் ஆள்வோர்க்கு இன்றியமையாதன எனக் கருதப்பட்டமை ஒன்று. தண்டம் விதிக்கவேண்டிய அளவிற்குச் சபையில் கருத்து மாறுபாடு நிகழ்ந்தமை மற்றொன்று. இவ்விரண்டையும் எடுத்துக்காட்டிப் பண்டைக் குடியாட்சியைப் புகழ்ந்தோர் பலர். அப்புகழ்ச்சி முற்றும் பொருந்துமோ என்பது ஆராயத்தக்கது.

சபையுரிமை பங்கைப் பற்றி நின்றது. பங்கு பிறப்பால் வரலாம். பொருள் கொடுத்தும் பெறலாம். ஆயினும் பங்கில்லார்க்கு இடமில்லை. உத்தரமேரூரிலும் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையும் உடையாரே குடவோலைக்கு உரியர். உழுவோர், கம்மாளர், பனையேறுவோர் ஆகியோர் இவ்வூர்களில் வாழ்ந்திலர் என்று எவரும் கூறார். ஆனாற் சபையில் அவர் குரல் கேட்கப்படவில்லை. வேளாண் ஊர்களில் ‘ஊர்’ என்னும் அவையும், வணிகர்க்கு ‘நகரம்’ என்னும் அவையும் இருந்தன என்பது உண்மையே. அவையும் உடைமையுடையாரின் அவைகளே. சீதனப் பங்கு பற்றிய விதி இன்னும் நுணுகி நோக்கற்பாலது. பெண்வழி வந்த உடைமை சபையில் இடம் தந்தது. அவ்விடத்தில் அமர்ந்தவன் ஆடவனே.

தாழையூத்தும் சங்கர் நகரும்

தாழை, ஊற்று என்னும் இரு சொற்களால் ஆயது தாழையூத்து. ஊற்று என்பது பேச்சுவழக்கில் ஊத்து எனத் திரிந்தது. தாழையும் நீரும் பெயர்தந்த இவ்வூர்க்குப் பிற்காலத்துப் புகழ் தந்தது சுண்ணாம்புக்கல். எஸ்.என்.என். சங்கரலிங்க ஐயரும் டி.எஸ். நாராயணசாமியும் 1946-இல் தோற்றுவித்த இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தின் முதல் ஆலை 1949-இல் இங்கு இயங்கத் தொடங்கிற்று. ஆலையைச் சார்ந்து எழுந்த சங்கர் நகர் இன்று ஒரு பேரூராட்சி. தாழையூத்து தனியே ஊராட்சியாய் உளது.

தொழிலூரின் குடிகளுட் பலர் நிலமுடையார் அல்லர். அவர்க்குரியது உழைப்பும் ஊதியமுமே. மானநிலைநல்லூர்ச் சபை இருந்த நாளாயின், இவர்களுள் ஒருவரும் அதில் அமர்ந்திரார். இந்நிலையை மாற்றியது சட்டம். 1884-ஆம் ஆண்டுச் சென்னைத் தலவாரியச் சட்டம், 1920-ஆம் ஆண்டு ஊர்ப் பஞ்சாயத்துச் சட்டம் எனப் படிப்படியாக வளர்ந்த உள்ளாட்சி, விடுதலைக்குப்பின் 1950, 1958-ஆம் ஆண்டுச் சட்டங்களால் விரிவுற்றது. வயதுவந்தோர் வாக்குரிமை அதற்கு அடிப்படையாயிற்று. 73-ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தையொட்டி எழுந்த 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், பட்டியல் வகுப்பினர்க்கும் பெண்டிர்க்கும் தலைமைப் பதவிகளை ஒதுக்கியது.

‘பங்கு’ என்னும் சொல்லின் பொருள்வேறுபாடு ஈண்டு உற்றுநோக்கத்தக்கது. மானூரில் பங்கு வாங்கியவர் தகுதியும் உடையராயின் ஊராளும் அவையில் இடம்பெற்றார். இன்று ஆலையின் பங்கு வாங்கியவர் நிறுவனத்தின் கூட்டத்தில் வாக்களிக்கலாம். அப்பங்கு கொண்டு ஊராட்சியில் வாக்களித்தல் இயலாது. அவ்வாலை நிறுவனத்தின் ஆளுமை 2024 டிசம்பரில் அல்ட்ராடெக் நிறுவனத்திற்கு மாறியது. அதனால் ஊராரின் வாக்குரிமை கூடவுமில்லை, குறையவுமில்லை. பங்கு கைமாறும், குடி நிலைபெறும்.

உரிமையும் இடையூறும்

சட்டம் இடம் தந்தமையால் எல்லாம் முற்றுப்பெற்றதோ எனின், இல்லை. 2006-இல் தாழையூத்து ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றவர் பட்டியல் வகுப்பைச் சேர்ந்த பி. கிருஷ்ணவேணி. பெண்களுக்குப் பொதுக் கழிப்பிடம் அமைக்க அவர் முனைந்தமை பகைக்கு ஒரு காரணமாயிற்று எனச் செய்திகள் கூறும். 2011 ஜூன் திங்களில் அவர் அரிவாளால் வெட்டப்பட்டுக் கடுங்காயத்துடன் உயிர்பிழைத்தார். குற்றவாளிகளுக்கு 2024-இல் திருநெல்வேலி நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. குற்றத்திற்கும் தீர்ப்பிற்கும் இடையே பதின்மூன்றாண்டுகள் கழிந்தன.

மானூர்ச் சபையார் சொல்லால் இடையூறு செய்தாரைத் தண்டித்தனர். அவர் காத்தது பங்குடையாரின் அவையை. இக்காலத்து இடையூறு படைக்கலத்தால் வந்தது. தாக்குண்டதோ பங்கில்லாதார்க்குச் சட்டம் தந்த இருக்கை.

முடிவுரை

மேற்கூறியவற்றால், தமிழகத்து ஊராட்சி வரலாற்றைத் தேர்தல் முறையின் வரலாறாக மட்டும் கொள்ளுதல் அமையாது என்பதும், ஊரார் எனப்படுவோர் யாவர் என்னும் வினாவின் வரலாறாகவும் அதனைக் கொள்ளுதல் வேண்டும் என்பதும் பெறப்படும். அரசியலமைப்பின் 243-கியூ உறுப்பு, நகரப் பணிகளைத் தொழில் நிறுவனமே செய்யுமிடத்து அப்பகுதியைத் தொழில் நகரியமாக அறிவித்து, நகராட்சி அமைக்காது விடவும் இடந்தருகின்றது. நீரும் விளக்கும் தருவோரே ஆள்வோராகவும் ஆயின், பங்கே மீண்டும் ஊராளும் உரிமையாகும். வரலாறு மானூருக்கே திரும்பும். ஆதலின் சத்திரத்தால் எழுந்த ஊராயினும், ஆலையால் எழுந்த ஊராயினும், அங்கு வாழ்தல் ஒன்றே ஆளும் உரிமைக்குப் போதிய தகுதி எனக் கொள்ளுதல் வேண்டும். கல்வெட்டின் பழமையைப் போற்றும் நாம், அக்கல்லில் இடம்பெறாதாரையும் எண்ணிப் பார்த்தல் கடனாகும்.