நொய்யல் கரைத் தொல்பொருள்கள்

வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் நொய்யல், மங்கலம், திருப்பூர் வழியே கிழக்கு நோக்கி ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. சங்ககாலத்தில் முசிறித் துறைமுகத்திலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சேரர் நகரான கருவூருக்கு வந்த பெருவழி இந்த ஆற்றை ஒட்டியே சென்றது. அவ்வழி நெடுகப் பழங்காசுகள் கிடைத்துள்ளன.

கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842இல் கிடைத்த புதையலில் 500க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக்காசுகள் இருந்தன. அதே ஊரில் 1891இலும் 1931இலும் மேலும் காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய பேரரசர்கள் வெளியிட்டவை. கரூரில் அமராவதி ஆற்று மணலில் ரோமானியக் காசுகளோடு வில் அம்பு பொறித்த சேரர் காசுகளும் அகப்பட்டன. அவற்றுள் மாக்கோதை என்று தமிழ் எழுத்தில் பெயர் பொறித்த வெள்ளிக்காசு தனிச்சிறப்புடையது. அதிலுள்ள மன்னன் தலை ரோமானியக் காசுகளின் பாணியில் அமைந்தது. புகளூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டு கருவூர்ப் பொன்வாணிகன் ஒருவனைக் குறிப்பிடுகிறது.

இந்தப் பணம் எதற்காக வந்தது என்பதற்கு விடை தருவது கொடுமணல். ஈரோடு மாவட்டத்தில் நொய்யலின் வடகரையிலுள்ள இவ்வூரைப் பதிற்றுப்பத்து கொடுமணம் என்கிறது. தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985இல் இங்கு அகழாய்வைத் தொடங்கியது. பச்சைக்கல், நீலக்கல், சூதுபவளம், பளிங்கு ஆகியவற்றை உடைத்து, தேய்த்து, துளையிட்ட பட்டறைகள் வெளிப்பட்டன. பாதி வேலையில் நின்றுபோன மணிகளும் கழிவுச் சில்லுகளும் குவியலாகக் கிடந்ததால், மணிகள் இவ்வூரிலேயே செய்யப்பட்டன என்பதில் ஐயமில்லை. பச்சைக்கல்லுக்குக் காங்கேயம் அருகே படியூர் இருந்தது. சூதுபவளம் வடக்கிலிருந்து வந்தது. ஒரே ஈமக்குழியில் 2,220 சூதுபவள மணிகள் கிடைத்தன. இரும்பு உருக்கிய உலைகளும், ஆட்பெயர்கள் பொறித்த தமிழ்-பிராமி ஓடுகளும் ஏராளம். நூல் நூற்ற சுடுமண் தக்களிகளும் கிடைத்திருப்பதால், பின்னலாடைக்குப் பெயர்பெற்ற இவ்வட்டாரத்தின் நூல் தொழிலுக்கு ஈராயிரம் ஆண்டுப் பழமை உண்டு எனத் துணிந்து கூறலாம்.

காசுப் புதையல்களில் பல, உழும்போதும் மண் தோண்டும்போதும் தற்செயலாக வெளிப்பட்டவை. எந்தப் பானையில், எந்த மண்ணடுக்கில் இருந்தன என்ற விவரம் அழிந்ததால் அவற்றின் வரலாற்று மதிப்பில் பெரும்பகுதி இழக்கப்பட்டது. இது வருந்தத்தக்க இழப்பு. நிலத்தில் புதையல் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் விதிக்கிறது.