டி செல் தன் வழியைத் தேரும் விதம்

நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து பாமணியாறும் கோரையாறும் பிரிகின்றன. பாமணியாற்றில் இறங்கி மன்னார்குடிக்கு வந்துவிட்ட தண்ணீர் இனிக் கோரையாற்றுக்குப் போகாது. உடலைக் காக்கும் டி செல்கள் உருவாவதும் ஏறத்தாழ இப்படித்தான். செல்லுக்குள் மதகுகளை இயக்குபவை படியெடுப்புக் காரணிகள் எனப்படும் புரதங்கள். டிஎன்ஏவின் குறிப்பிட்ட இடங்களில் அமர்ந்து, எந்த மரபணு இயங்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்பதை அவையே முடிவு செய்கின்றன.

எலும்பு மஜ்ஜையிலிருந்து புறப்படும் முன்னோடிச் செல்கள் இரத்தத்தின் வழியே, மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியை அடைகின்றன. பயனற்ற உறுப்பென்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்டிருந்த சுரப்பி அது. பிறந்த உடனே தைமஸ் நீக்கப்பட்ட எலிகளின் நோயெதிர்ப்பு குன்றிப்போவதை 1961இல் ஜாக் மில்லர் காட்டிய பிறகே அதன் அருமை தெரிந்தது.

வந்து சேரும்போது அந்தச் செல் இன்னும் டி செல் ஆகிவிடவில்லை. இயற்கைக் கொல்லி செல், விழுங்கு செல் போன்ற பாதைகளும் அதற்குத் திறந்தே இருக்கின்றன. தைமஸின் செல்கள் நீட்டும் ஒரு புரதம், வந்த செல்லின் மேலுள்ள நாட்ச் ஏற்பியைத் தொடுகிறது. ஏற்பியின் உட்பகுதி அறுபட்டு உட்கருவுக்குள் சென்று மரபணுக்களை எழுப்புகிறது. எலிகளில் நாட்ச்1 மரபணுவை நீக்கிப் பார்த்த 1999ஆம் ஆண்டு ஆய்வில், தைமஸுக்குள் டி செல்லுக்குப் பதிலாக பி செல்கள் என்ற வேறு வகை நோயெதிர்ப்புச் செல்கள் வளர்ந்தன.

நாட்ச் சைகையால் டிசிஎஃப்-1, காட்டா-3 ஆகிய காரணிகள் எழுகின்றன. காட்டா-3 இல்லாவிட்டால் டி செல் இல்லை. அதுவே அளவு மீறினால், முன்னோடிச் செல் மாஸ்ட் செல்லாகத் திசைமாறிவிடும்! அளவும் வேளையும் இவ்வளவு கறாராக இருப்பதுதான் என்னை வியக்க வைக்கிறது. இன்னொரு பக்கம் பியு.1 என்ற காரணி பழைய பாதைகளைத் திறந்தே வைத்திருக்கிறது. அது தணியும் கட்டத்தில் பிசிஎல்11பி எழுகிறது. இந்த வரலாற்றின் மையம் இதுவே என்பேன். இது இல்லாத செல்கள் கொல்லி செல்களைப் போல மாறுவதை 2010இல் ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டன. டி செல் ஆவதென்பது, பிற வழிகளை ஒவ்வொன்றாக அடைப்பதும்தான்.

அடைக்க வேண்டியது அடைபடாவிட்டால் என்ன ஆகும்? எல்எம்ஓ2 மரபணு முன்னோடிச் செல்லில் இயங்கிப் பின் அடங்க வேண்டியது. பாரிஸில் பிறவி நோயெதிர்ப்புக் குறைவுக்கு மரபணுச் சிகிச்சை பெற்ற சிறுவர் சிலருக்கு, உள்ளே செலுத்திய வைரஸ் அந்த மரபணுவின் அருகே பதிந்து அதை எழுப்பியதால் டி செல் இரத்தப் புற்றுநோய் வந்தது. இவ்வகைப் புற்றுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோரிடம் நாட்ச்1 மரபணுவே பழுதாகி ஓயாமல் இயங்குவதை 2004இல் கண்டறிந்தார்கள்.

இது நமக்குத் தொலைதூரச் செய்தி அன்று. முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தின் ஆய்வாளர்கள், சென்னையில் டி செல் வகை இரத்தப் புற்றுநோயின் பங்கு மேலை நாடுகளைவிட மிகுதி என்று 1990களிலேயே பதிவு செய்தனர். மருத்துவர் வி. சாந்தாவின் காலத்தில் அங்கே குழந்தைகளுக்கான கூட்டு மருந்துச் சிகிச்சை முறைப்படுத்தப்பட்டுப் பலர் பிழைத்தனர்.

இதைப் படிக்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைக்கு வாரக்கணக்கில் காய்ச்சல், வெளிறிய முகம், கழுத்தில் கட்டி, காரணமில்லாத மூச்சுத்திணறல் என்று எது இருந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். சிகிச்சை தொடங்கினால், உடம்பு தேறிவிட்டதென்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.