பதவியாவுக்குப் போய்ச் சேராத 400 குடும்பங்கள்

பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் செய்துகொண்ட ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்ட 1958 ஏப்ரல் 9ஆம் திகதியை இந்த இதழில் விவரிப்பதாகச் சென்ற வாரம் கூறப்பட்டிருந்தது. அதற்கு முன் எதிர்ப்பாளரைப் பார்க்க வேண்டியிருப்பதால் அது அடுத்த இதழுக்குத் தள்ளிப்போகிறது. அந்த ஒப்பந்தத்தை எதிர்த்தவர்களுள் ஆள்பலத்தில் மிகச் சிறியதும் குரலில் மிகக் கடுமையானதுமான கட்சி, வெலிமடையின் கே. எம். பி. ராஜரத்ன தலைமையேற்ற ஜாதிக விமுக்தி பெரமுன, அதாவது தேசிய விடுதலை முன்னணியாகும். 1971இல் கிளர்ச்சி செய்த ஜனதா விமுக்தி பெரமுன வேறு, இது வேறு. 1960 ஜூலைத் தேர்தலில்கூட 2 ஆசனங்களுக்கு மேல் பெறாத இக்கட்சி, தன் அளவுக்குச் சற்றும் பொருந்தாத அச்சத்தை ஆட்சியாளர் மனதில் விதைத்தது. பெரிய கட்சிகள் வெளியே சொல்லக் கூசியதை இது மேடை போட்டுச் சொன்னதே அதற்குக் காரணம்.

இக்கட்சியினரை உறுத்தியது ஒப்பந்தத்தின் மொழி ஏற்பாடு மட்டுமன்று, காணி ஏற்பாடும்தான். அரசு காடு வெட்டிக் குளம் திருத்தி, பயிர்செய்வோருக்கு நிலம் பிரித்துக் கொடுக்கும் முறை குடியேற்றத் திட்டம் எனப்படும். அதற்கு விண்ணப்பித்தவர்களை அரசாங்க அதிபர் நேரில் அழைத்து விசாரித்து, பங்கு பெறுவோரைத் தெரிவு செய்யும் அமர்வுக்குக் காணிக் கச்சேரி என்று பெயர். 1957 ஜூலை 26ஆம் திகதி கைச்சாத்தான ஒப்பந்தம் இந்தத் தெரிவு அதிகாரத்தைப் பிரதேச சபைகளிடம் ஒப்படைக்க முன்வந்தது. கந்தளாயிலும் அல்லையிலும் யார் குடியேறுவது என்பதைக் கொழும்பு தீர்மானித்த வழக்கத்துக்கு அது முடிவு கட்டியிருக்கும். சாம்பல்தீவு, நிலாவெளி, தம்பலகாமம், மூதூர், கிண்ணியா ஆகிய ஊர்களின் காணியற்ற பிள்ளை, தன் மாவட்டத்துக் காணிக் கச்சேரியில் முதல் வரிசையில் நிற்கும் உரிமைதான் அங்கே பேரம் பேசப்பட்டது. மண்ணின் மக்கள் கேட்கக்கூடியவற்றுள் இதைவிட எளிய கோரிக்கை வேறில்லை. மூதூர்ப் பக்கத்தில் தமிழ் பேசி வாழ்ந்த கரையோர வேடர்களின் பெயரை இவ்வொப்பந்தமும் குறிப்பிடவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்தாக வேண்டும்.

இந்த எதிர்ப்பு எங்கே கைகலப்பாக மாறியது என்று தேடினால், தடம் திருகோணமலைத் துறைமுகத்துக்கே வந்து சேர்கிறது. உப்புவெளியைத் தாண்டிக் களப்போரம் கிடக்கும் சாம்பல்தீவு போன்ற வடபுறக் கிராமங்களுக்கும் நகரத்துக்கும், பிரித்தானியக் கடற்படைத் தளம் பல பத்தாண்டுகளாக உழைப்புச் சந்தையாக விளங்கியது. 1942இல், அதுவும் ஏப்ரல் 9ஆம் திகதியன்றே, ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. சீனக்குடாவில் ஒரு விமானம் எண்ணெய்த் தாங்கியொன்றின்மேல் நேராகப் பாய்ந்து வீழ்ந்தது. மனிதனைவிடப் பன்மடங்கு உயர்ந்த அந்த இரும்புத் தாங்கி நாட்கணக்கில் எரிந்து, பக்கத் தகடுகள் மெழுகைப் போல உருகி உள்நோக்கி மடிந்தன. போர் முடிந்த பின்னும் தளம் நீடித்தது. தொழிலாளர் பேரரசொன்றின் கப்பல்களைப் பழுதுபார்த்துக் கொடுத்தனர்.

1957இல் பிரித்தானியர் தளத்தை இலங்கையிடம் கையளித்துப் புறப்பட்டபோது, 400க்கு மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர் வேலையிழந்தனர். தளத்தை மீட்டதைச் சுதந்திரத்தின் நிறைவாகக் கொண்டாடிய அரசு, அங்கே உழைத்தவர்களுக்கு மாற்றுவழியாகப் பதவியாக் குளத்தின் கீழ் காணி கொடுத்துக் குடியேற்ற எண்ணியது. ஒப்பந்தத்தின் உணர்வுக்கு இதைவிடச் சிறந்த தொடக்கம் அமைந்திருக்க முடியாது. ஆனால் திட்டம் வெளிவந்ததும், குளவேலையில் ஈடுபட்டிருந்த சிங்களத் தொழிலாளர் பிக்குகளின் தலைமையில் அந்நிலத்தில் முந்திக்கொண்டு புகுந்தனர். தமிழர் வந்தால் தாக்குவோம் என்று குழுக்கள் அணி திரண்டன. அரசு அவர்களை வெளியேற்றத் துணியவில்லை; கப்பற்பட்டறைக் குடும்பங்கள் பதவியாவுக்குப் போய்ச் சேரவேயில்லை. சட்டத்தை மீறி நிலத்தைப் பிடித்தவர்கள் அதை வைத்துக்கொள்ளலாம் என்ற பாடத்தை அரசே கற்பித்த நாட்கள் அவை. அப்பாடத்தின் பலனை மாவட்டக் குடிசன மதிப்பீடுகளில் காணலாம்: 1921இல் நூற்றுக்கு ஏறத்தாழ 4 ஆக இருந்த சிங்கள மக்களின் விகிதம், 1981இல் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டது. குடியேறிய ஏழை விவசாயியின்மேல் பழி போடுவது நியாயமன்று. அவரைக் கருவியாக்கியவர்களே பொறுப்பாளிகள்.

ராஜரத்னவின் கட்சி பதவியாவில் நடந்ததை நேரடியாக ஏவியது என்று கூற ஆதாரம் தேவை. எனினும் அங்கே திரண்டவர்களின் நாவில் இருந்த வாதம், அவருடைய மேடைகளில் முழங்கிய அதே வாதம்தான். 1958 மே மாதக் கலவரம் பொலன்னறுவையில் மூண்டு நாடெங்கும் பரவியபோது, 27ஆம் திகதி அவசரகால நிலையைப் பிரகடனம் செய்த அரசு, இக்கட்சியையும் செல்வநாயகத்தின் தமிழரசுக் கட்சியையும் ஒருசேரத் தடை செய்தது. உரிமை கேட்டவரையும் உரிமையை மறுத்தவரையும் ஒரே தராசில் ஏற்றிய அந்த அறிவிப்பு, பண்டாரநாயக்காவின் ஆட்சிக்காலத்தின் மிகப் பெரிய அநீதிகளுள் ஒன்று.

ஏப்ரல் 9ஆம் திகதி பண்டாரநாயக்காவின் ரோஸ்மீட் பிளேஸ் இல்லத்தின் முன் பிக்குகள் அமர்ந்ததும், வாய்மொழி போதாதென்று அவர்கள் எழுத்தில் கேட்ட உறுதியை அமைச்சர் விமலா விஜேவர்தன கொண்டுவந்து கொடுத்ததும் அடுத்த இதழில் இடம்பெறும்.