ஆயமும் வேளையும்

வழிச்சுங்கம் தமிழர் வரலாற்றில் பழமை வாய்ந்ததோர் இறை. உல்கு, சுங்கம், ஆயம் என அதற்கு வழங்கிய பெயர்கள் பல. முதலாம் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' எனப் போற்றப்பட்டமையே அவ்விறை மக்களுக்கு எத்துணைச் சுமையாக இருந்தது என்பதற்குப் போதிய சான்றாகும். எனினும் அச்சுங்கம் பொருளை நோக்கியது, பொழுதை நோக்கியதன்று.

ஆங்கிலேயர் ஆண்ட இலங்கையிலும் இந்நிலை மாறவில்லை. வீதிகளிலும் பாலங்களிலும் துறைகளிலும் ஆயம் அறவிடும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. 1822இல் கொழும்பு கிராண்ட்பாஸில் களனி கங்கைக்குக் குறுக்கே அமைந்த படகுப் பாலம், 1895இல் விக்டோரியாப் பாலம் திறக்கப்படும் வரை பயன்பட்டது. கோப்பி ஏற்றிய மாட்டுவண்டிகள் அங்கே ஆயம் செலுத்தியே கடந்தன. வண்டிகள் பெருகப் பெருகக் குத்தகைக்காரனின் பெட்டி நிறைந்தது. நெரிசலைக் குறைப்பதற்காக ஆயம் வாங்குதல் என்று யாரேனும் கூறியிருப்பின் அவன் நகைத்திருப்பான்.

அவன் நகைத்திருக்கக்கூடிய அக்கருத்தைப் பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1950களில் வற்புறுத்தினார். நெரிசல் வேளையில் வீதிக்கு வரும் ஒவ்வொரு வாகனமும் ஏனையோரின் நேரத்தை விழுங்குகின்றது. அவ்விழப்புக்கு அது யாதும் ஈடு செய்வதில்லை என்பது அவர் வாதம். 1996இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, 1975 ஜூனில், சிங்கப்பூர் இக்கருத்தை வீதிக்குக் கொண்டுவந்துவிட்டது. காலை நெரிசல் வேளையில் நகர மையத்துள் நுழையும் கார் நாளொன்றுக்கு 3 வெள்ளி கொடுத்து அனுமதிச்சீட்டுப் பெறவேண்டும். பஸ்களுக்கும் நால்வர் பயணஞ்செய்யும் கார்களுக்கும் விலக்களிக்கப்பட்டது. அவ்வேளையில் நுழைந்த வாகனங்கள் ஐந்தில் இரு பங்குக்கு மேல் குறைந்தன. 1998இல் சீட்டு மறைந்து மின்னணு முறை வந்தது; வேளைக்கு வேளை கட்டணமும் மாறலாயிற்று.

இலங்கையில் வேளைக்கேற்ற விலை மின்கம்பி வழியேதான் வேரூன்றியது. புத்தளக் கரையிலுள்ள நுரைச்சோலையில் 2011இல் இயங்கத் தொடங்கி, 2014இல் 900 மெகாவாற்று ஆற்றல் பெற்ற நிலக்கரி மின்னிலையம் இரவும் பகலும் ஒரே சீராக இயங்குவதற்கென அமைந்தது. மக்களோ மாலையில் ஒருங்கே விளக்கேற்றுகின்றனர். இத்தகைய பொருத்தமின்மை கருதியே பெருந்தொழிலகங்களுக்கு மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை கூடிய கட்டணமும், அதன்பின் குறைந்த கட்டணமும் விதிக்கப்பட்டன. இரவிலே பொறியை இயக்கக்கூடிய ஆலை இதனால் பயனடைந்தது. இயலாத ஆலை பணத்தை இழந்தது.

வீதிக்கு வருகையில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையாகின்றது. நுரைச்சோலையிலே மரக்கறி ஏற்றும் லொறி, சிலாபம், நீர்கொழும்பு வழியாக இரவோடிரவாகக் கொழும்பை அடையலாம். காலை எட்டு மணிக்குக் கந்தோரில் ஒப்பமிட வேண்டிய எழுதுவினைஞருக்கு அத்தெரிவு இல்லை. ஆதலின் 1975ஆம் ஆண்டுத் திட்டத்தில் கவனிக்கத்தக்கது 3 வெள்ளியன்று. பஸ்ஸுக்கு அளிக்கப்பட்ட விலக்கேயாகும். கொழும்பு நகருள் நுழைவோரிடம் நெரிசல் ஆயம் இதுவரை அறவிடப்பட்டதில்லை. அங்கே கார் ஒருவரையும் பஸ் அறுபதின்மரையும் சுமந்துகொண்டு ஒரே வரிசையில் காத்து நிற்கின்றன.